கனநீர் கண்ட பேரறிஞர் ஹாரல்ட் யூரி

மன்னர் தம் வெற்றிகளைக் கல்லில் வெட்டிவைத்தனர். புலவர் தம் உள்ளக்கிடக்கையை ஏட்டில் தீட்டிவைத்தனர். ஆனால் வானம் பொய்த்த ஆண்டுகளையும், வெயில் சுட்டெரித்த கோடைகளையும் யார் முறையாகக் குறித்துவைத்தனர்? மனிதர் குறித்தவை சில. அவற்றுள்ளும் அழிந்தொழிந்தன பல. எனினும் அக்கணக்கு உலகில் இல்லாமற் போய்விடவில்லை. பல நூறாண்டுகள் நின்ற மரம் தன் வயிரத்தினுள்ளே அதனை எழுதிவைத்திருக்கின்றது. கடலடியிற் கிடந்து கல்லாகிப்போன உயிர்களின் உடற்பகுதிகளும் அதனைச் சுமந்துகொண்டிருக்கின்றன. எழுத்து இருந்தும் படிப்பார் இன்மையால் அது நெடுங்காலம் ஊமையாகவே கிடந்தது. அவ்வெழுத்தின் நெடுங்கணக்கை உலகிற்குக் கற்பித்த ஆசான்களுள் முதன்மையானவர் ஹாரல்ட் கிளேட்டன் யூரி என்னும் அமெரிக்கப் பேரறிஞர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுதலே என் நோக்கமாகும்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர் ரசாயனப் புலவர் ஒருவரின் சரிதத்தை எழுத முற்படுதல் சிலர்க்கு வியப்பைத் தரலாம். செய்யுளில் ஓர் அசை மிகினும் குறையினும் ஓசை பிழைபடும் என்பதை நாங்கள் நாள்தோறும் கற்கின்றோம். யூரியின் வாழ்நாளும் அத்தகைய சிறு மிகுதி குறைவுகளை அளந்தறிவதிலேயே கழிந்தது. ஆதலின் அவர் எங்களுக்கு முற்றும் அயலவர் அல்லர்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்தியானா மாகாணத்தைச் சார்ந்த வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் நாள் யூரி பிறந்தார். தந்தையார் சாமுவேல் கிளேட்டன் யூரி பள்ளி ஆசிரியர். சகோதரர் சபையிற் போதகப் பணியும் ஆற்றியவர். அச்சபை 1708-ஆம் ஆண்டு ஜெர்மனியில் தோன்றிப் பின்னர் அமெரிக்காவிற் குடியேறி வேரூன்றியது. போர்த்தொழிலை விலக்குதல் அதன் பழங் கொள்கைகளுள் ஒன்றாகும். இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்ளுதல் நலம். யூரியின் நடுவயதில் நேர்ந்த மனப்போராட்டத்தை அறிதற்கு இது துணைபுரியும்.

யூரிக்கு ஆறு வயது நிரம்பியபோது தந்தையார் காசநோயால் இறந்தார். தலைவனை இழந்த அக்குடும்பத்தில் செல்வம் இல்லை. உழைப்பு மட்டுமே இருந்தது. நாட்டுப்புறப் பள்ளியிலும், பின்னர் கெண்டல்வில் என்னும் ஊரின் உயர்தரப் பள்ளியிலும் அவர் கற்றார். உயர்தரப் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் பட்டப்படிப்பிற் சேரும் வசதி அவருக்குக் கிட்டவில்லை. ஆகவே கற்றதைக் கொண்டே கற்பிக்கத் தொடங்கினார். இந்தியானாவிலும், மேற்கே வெகு தொலைவிலுள்ள மாண்டானா மாகாணத்திலும் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராக அமர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

1914-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில், மாண்டானாச் சர்வகலாசாலையில் மாணவராகச் சேர்ந்தார். விடுதிக்குச் செலுத்தப் பணம் இல்லாமையால் கூடாரம் ஒன்றில் உறங்கியும் படித்தும் காலம் கழித்தார் என்பர். கோடை விடுமுறைகளில் இருப்புப்பாதை அமைக்கும் கூலியாட்களோடு சேர்ந்து உழைத்தார். இங்ஙனம் ஈட்டிய பொருளைக் கொண்டு மூன்றே ஆண்டுகளில், 1917-இல், விலங்கு நூலிற் பட்டம் பெற்றார். அவருடைய முதல் ஆராய்ச்சி ஆற்றுநீரில் வாழும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களைப் பற்றியது. உயிர்நூலில் தொடங்கிய அவருடைய அறிவு வேட்கை ரசாயனத்தின் வழியாகச் சென்று முடிவில் உயிரின் தோற்றத்தையே ஆராய்வதற்குத் திரும்பியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அவர் பட்டம் பெற்ற ஆண்டிலேயே அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. நாட்டின் அழைப்பிற்கிணங்கி அவர் பிலதெல்பியா நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வெடிமருந்து ஆக்கும் பணியில் அமர்ந்தார். போரை வெறுக்கும் சபையின் போதகர் மகன் வெடிமருந்து வடிக்க நேர்ந்ததைக் காலத்தின் கோலம் என்றே சொல்லவேண்டும். அப்பணியே அவரை விலங்கு நூலினின்றும் ரசாயனத்திற்கு ஈர்த்தது.

மேற்கல்வி

போர் முடிந்தபின் 1921-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்துச் சர்வகலாசாலையை அடைந்து, கில்பர்ட் லூயிஸ் என்னும் புகழ்வாய்ந்த ஆசிரியரிடம் பயின்று, 1923-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அணுவின் உள்ளமைப்பை அறியும் அவா உலகெங்கும் பொங்கியெழுந்தது. அவ்வாராய்ச்சியின் தலைநகர் எனத் திகழ்ந்தது டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன். அதன் தலைவர் நீல்ஸ் போர். யூரி அங்குச் சென்று ஓராண்டு தங்கினார். மீண்டபின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையிலும், 1929 முதல் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாச் சர்வகலாசாலையிலும் ஆசிரியராக விளங்கினார். 1926-ஆம் ஆண்டில் ஃபிரீடா டாம் என்னும் அம்மையாரை மணந்தார். மகளிர் மூவரும் மைந்தர் ஒருவரும் அவர்களுக்கு மக்களாயினர்.

எடை மிக்க ஹைட்ரஜன்

இனி யூரியின் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பைக் கூறுவோம். ஒரே மூலப்பொருளின் அணுக்கள் யாவும் ஒரே எடையின அல்ல என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் உணர்ந்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் முகமும் குணமும் ஒத்திருந்து எடையில் மட்டும் சிறிது வேறுபடுதல் போல, ஒரு மூலப்பொருளின் அணுக்களும் வேறுபடுவதுண்டு. அவற்றிற்கு ஐசோடோப்பு என்னும் பெயரை 1913-இல் ஃபிரெடரிக் சாடி என்னும் ஆங்கில அறிஞர் வழங்கினார். அவற்றுட் சில கதிர்வீசிச் சிதைந்து வேறு பொருளாக மாறுவன. சில என்றும் மாறாது நிலைப்பன. பின்னவற்றை நிலைத்த ஐசோடோப்புகள் என்பர். இவ்வரலாறு முழுவதும் அவற்றைப் பற்றியதே.

அணுக்கள் யாவற்றினும் எடை குறைந்தது ஹைட்ரஜன். அதற்கும் எடை மிக்க ஓர் உடன்பிறப்பு உண்டோ என்னும் ஐயம் 1931-ஆம் ஆண்டில் வலுத்தது. பெர்ஜ், மென்செல் என்னும் இருவர் அன்று கிடைத்த அளவுகளை ஒப்புநோக்கி, 4,500 அணுக்களில் ஒன்று இரு மடங்கு எடையுடையதாக இருத்தல் கூடும் எனக் கணித்து வெளியிட்டனர். அதனைப் படித்த யூரி, தம் உதவியாளர் ஜார்ஜ் மர்ஃபியுடன் உடனே தேடலில் இறங்கினார். ஹைட்ரஜன் ஒளிரும்போது அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் குறித்த இடங்களிற் கோடுகள் தோன்றும். எடை மிக்க அணுவின் கோடு சிறிது விலகித் தோன்றவேண்டும். எத்துணை விலகும் என்பதை யூரி முன்னரே கணக்கிட்டு வைத்திருந்தார். சாதாரண ஹைட்ரஜனிலேயே அவ்விடத்தில் மங்கலான கோடு ஒன்று புலப்பட்டது.

பிறரெனின் அன்றே முரசறைந்திருப்பர். யூரி அங்ஙனம் செய்தாரல்லர். கருவியின் குறையாலும் பொய்க்கோடுகள் தோன்றுவதுண்டு. ஆகவே எடை மிக்க பகுதியைச் செறியச்செய்து, கோடும் அதற்கேற்ப விளக்கமுறுகின்றதா எனக் கண்ட பின்னரே வெளியிடுதல் தகும் என்று துணிந்தார். வாஷிங்டனில் அரசாங்க அளவை நிலையத்தில் பணியாற்றிய பெர்டினாண்ட் பிரிக்வெட்டி என்பவர் பல லிட்டர் திரவ ஹைட்ரஜனை மெல்ல ஆவியாக்கி, அடியில் எஞ்சிய சிறு துளியளவை அனுப்பிவைத்தார். எடை குறைந்தவை முன்னே பறந்துபோக, எடை மிக்கவை பின்தங்கும் என்பதே இதன் தத்துவம். அங்ஙனம் எஞ்சியதைச் சோதித்தபோது அக்கோடு மிகத் தெளிவாகத் துலங்கிற்று. அன்று 1931-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து நன்றியறிதல் திருநாள். வீட்டில் விருந்தினர் காத்திருக்க, யூரி நெடுநேரம் தாழ்த்தே வீடு சேர்ந்தார். வெற்றிச் செய்தியை முதலில் மனைவியாரிடம் அறிவித்தார். புதிய அணுவுக்கு டியூட்டீரியம் என்று பெயரிட்டனர். அதனால் ஆகிய நீரே கனநீர் எனப்படுவது. இயற்கை நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றே இவ்வகையைச் சார்ந்தது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. தேடலுக்குத் தூண்டுகோலான கணிப்பு பிழையான அளவொன்றின்மேல் எழுந்தது என்பது சில ஆண்டுகட்குப் பின் வெளியாயிற்று. அப்பிழை நேராதிருப்பின் தாம் தேடலிலேயே இறங்கியிராமல் இருந்திருக்கலாம் என்பதை யூரி ஒளியாது ஒப்புக்கொண்டார். தம் புகழைக் குறைக்கும் உண்மையைத் தாமே எடுத்துரைத்தல் எளிதன்று.

கனநீரை முதன்முதல் தூய நிலையிற் பிரித்தவர் யூரியின் பழைய ஆசிரியராகிய லூயிஸ். அவர் அதில் புகையிலை விதைகளை இட்டுப் பார்த்தார். அவை முளைக்கவே இல்லை. அணுவின் எடையிலுள்ள வேறுபாடு செடியின் உயிருக்கும் உற்ற பொருள் என்பதை உலகம் அன்று முதன்முறையாகக் கண்டது.

புகழும் பண்பும்

1934-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு யூரிக்கு அளிக்கப்பெற்றது. டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் மன்னர் கையாற் பரிசு பெறும் விழாவிற்கு அவர் செல்லவில்லை. மனைவியார் பேறுகாலத்தை எய்தியிருந்தமையே காரணம். பிள்ளை பிறந்து நலமெய்திய பின்னரே, அடுத்த ஆண்டில் அங்குச் சென்றார். ஆராய்ச்சிக்கெனத் தமக்குக் கிடைத்த நன்கொடை ஒன்றிற் பாதியைத் தம் இளைய நண்பர் ராபி என்பவருக்குப் பகுத்தளித்தார். பிற்காலத்தில் அந்த ராபியும் நோபல் பரிசு பெற்றார். ஐரோப்பாவிற் கொடுங்கோலுக்கஞ்சி ஓடிவந்த அறிஞர்க்கு யூரியின் இல்லம் புகலிடம் போல் விளங்கியது. புகழ்வாய்ந்த ஃபெர்மியின் குடும்பத்தார் நியூஜெர்சியில் யூரி வாழ்ந்த லியோனியா என்னும் ஊரிலேயே குடியமர அவர் துணைசெய்தார்.

இக்காலத்தில் அவர் கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவற்றின் எடை மிக்க ஐசோடோப்புகளையும் செறியச்செய்யும் வழிகளைக் கண்டார். அங்ஙனம் பிரித்தெடுத்தவற்றைக் கொலம்பியாவில் இருந்த ஷோன்ஹைமர் என்பவர் உணவிற் கலந்து, உடலினுள் உணவு எவ்விடம் சென்று எவ்வாறு மாறுகின்றது என்பதைப் பின்தொடர்ந்து கண்டார். மந்தையில் ஓராட்டிற்கு மணி கட்டி மந்தையின் போக்கை அறிதல் போன்றது இது.

போரும் மனச்சான்றும்

இரண்டாம் உலகப்போர் மூண்டது. யுரேனியத்தின் இரு ஐசோடோப்புகளுள் 1,000-க்கு ஏழு என்னும் அளவிற் கலந்திருக்கும் எடை குறைந்த ஒன்றைப் பிரித்தெடுத்தால் கொடிய வெடிகுண்டு ஆக்கலாம் என்பது தெளிவாயிற்று. ஹிட்லரின் நாடு அதனை முன்னரே செய்துவிடுமோ என்னும் அச்சம் யாவரையும் வாட்டியது. ஐசோடோப்புகளைப் பிரிப்பதில் யூரிக்கு நிகரானவர் எவர்? கொலம்பியாவில் அப்பணிக்கென அமைத்த பெரும் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைமை அவர்பால் வந்தது. யுரேனியத்தை வாயுவாக்கி நுண்துளைத் தடுப்புகளின் வழியே செலுத்திப் பிரிக்கும் முறையை அவருடைய கூடம் ஆராய்ந்தது. பெருந்தொகையினரின் வேலையும் படைத்தலைவருடன் நேர்ந்த கருத்து வேற்றுமைகளும் அவரைச் சோர்வுறச் செய்தன.

ஜெர்மனி பணிந்தபின் குண்டை ஜப்பானின் மீது இடுவர் என்னும் எண்ணம் சில அறிஞரை வருத்தியது. 1945-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிலார்டு, பார்ட்கி என்னும் இருவருடன் யூரியும் புறப்பட்டுத் தென் கரோலினாவில் ஸ்பார்ட்டன்பர்க் நகரத்தில் இருந்த பெர்ன்ஸ் என்னும் அரசியல் தலைவரைக் கண்டு, தங்கள் கவலையை எடுத்துரைத்தனர். அவர் மனம் மாறவில்லை. ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமா நகரம் பாழாயிற்று. அக்குண்டின் உட்பொருள் பிரித்தெடுத்த யுரேனியமே.

எடையின் சிறு வேறுபாட்டைக் கண்டு மகிழ்ந்த அறிவே இத்துணைப் பெருங் கேட்டிற்கும் வழியாயிற்றே என்னும் எண்ணம் அவருள்ளத்தை எங்ஙனம் அறுத்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அதன்பின் அவர் செய்தவை உலகறிந்தவை. அணுவாற்றலைப் படைத்துறையின் கையில் ஒப்புவிக்க எழுந்த சட்டத்தை எதிர்த்தார். 1946-இல் ஐன்ஸ்டைன் தலைமையில் அணு அறிஞர் குழு ஒன்று அமைந்தபோது அதன் துணைத்தலைவராக இருந்து, அணுப்போரின் கேட்டை ஊர்தோறும் எடுத்துரைத்தார். அம்மட்டோ? தம் ஆராய்ச்சியையே வேறு திசையில் திருப்பினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. பெரும் புகழ் எய்திய ஒருவர் அவ்வயதில் பழைய துறையை விடுத்து, மண்ணையும் கல்லையும் பற்றிய நூலில் மாணவர் போல் நுழைதல் அரிது.

கல்லில் உறைந்த வெப்பம்

போருக்குப்பின் சிகாகோச் சர்வகலாசாலையிற் சேர்ந்த யூரி, ஐசோடோப்புகளின் இயல்பைக் கணக்கிட்டு 1947-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். கடல்வாழ் உயிர்கள் சுண்ணாம்பால் ஓடு கட்டும்போது, நீர் குளிர்ந்திருப்பின் எடை மிக்க ஆக்ஸிஜன் ஓட்டிற் சிறிது மிகுதியாகவும், வெதுவெதுப்பாக இருப்பின் சிறிது குறைவாகவும் சேரும் என்பது அவர் கணக்கு. வெப்பம் ஒரு டிகிரி மாறின் 10,000-க்கு ஏறத்தாழ இரண்டு பங்கே மாறும். இயற்கையில் எடை மிக்க ஆக்ஸிஜனே 1,000-க்கு இரண்டு அணுக்கள்தாம். அந்த இரண்டில் நேரும் மிகச் சிறு மாறுதலை அளந்துவிட்டால், இறந்துபட்ட உயிர் வாழ்ந்த கடலின் வெப்பத்தைக் கணக்கிட்டுவிடலாம்! பூமியின் பழைய காலத்திற்கு ஒரு வெப்பமானி தம் கையிற் கிடைத்துவிட்டதை யூரி திடீரென உணர்ந்தார்.

கணக்கிடுதல் எளிது, அளத்தல் அரிது. ஆல்ஃபிரட் நீர் என்பவர் அமைத்த பொருண்மை நிறமாலைமானி என்னும் கருவி அணுக்களை எடைவாரியாகப் பிரித்தெண்ண வல்லது. அதனை மேலும் பன்மடங்கு செம்மை செய்ய, எப்ஸ்டைன், லோவன்ஸ்டாம், மக்கின்னி முதலிய துணைவருடன் யூரி பல்லாண்டு உழைத்தார். 1951-இல் வெளியான அவர்களுடைய முடிவு உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிற் கிடைத்த பெலெம்னைட்டு ஒன்றை அவர்கள் வளையம் வளையமாகச் சுரண்டிச் சோதித்தனர். பெலெம்னைட்டு என்பது கணவாய் மீனையொத்த பழங்கடலுயிர். அதன் உடலினுள் இருந்த அம்பு போன்ற கெட்டியான பகுதியே கல்லாகி எஞ்சியது. கோடிக்கணக்கான ஆண்டுகட்குமுன் இறந்த அச்சிற்றுயிர் தன் இளமைக்குப்பின் மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டு, ஏறத்தாழ நான்கு வயதில், ஓர் இளவேனிலில் இறந்தது என்பதை அவர்கள் படித்துக் கூறினர். பிறப்பும் இறப்பும் எழுதப்பெறாத எத்தனையோ மன்னர் உளர். இச்சிற்றுயிருக்கோ வாழ்க்கை வரலாறே எழுதப்பெற்றுவிட்டது.

மரங்கள் பகரும் சான்று

கல்லைப் படித்த முறையால் மரத்தையும் படிக்கலாகாதோ? யூரியின் மாணவர் ஹார்மன் கிரெய்க் அவ்வழியில் முதலில் நடந்தவருள் ஒருவர். அவர் செடிகொடிகளிலுள்ள கார்பனை அளந்ததோடு, கலிபோர்னியாவின் மாபெரும் செக்கோயா மரத்தின் வளையங்களையும் ஆராய்ந்து 1954-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தோர் அச்சிறு வழியைப் பெருவழியாக்கினர். அதன் இயல்பைச் சிறிது விளக்குவேன்.

செடி தன் உடலை ஆக்குவது நீராலும் காற்றிலுள்ள கரியமில வாயுவாலும் ஆகும். கார்பன் அணுக்களில் 1,000-க்கு ஏறத்தாழ பதினொன்று எடை மிக்கவை. இலையிலுள்ள நுண்துளைகளின் வழியே காற்று உட்புகும். அதே துளைகளின் வழியே நீர் ஆவியாய் வெளியேறும். உள்ளே வந்த வாயுவைப் பற்றி உணவாக்கும் என்சைம், எடை குறைந்த கார்பனையே விரும்பி ஏற்கும் இயல்பினது. நிலத்தில் ஈரம் நிறைந்திருக்கையில் துளைகள் நன்கு திறந்திருக்கும். வாயு தாராளமாக வரும். வேண்டியதைக் கொண்டு வேண்டாததைத் தள்ளலாம். வறட்சியிலோ, இலை தன் நீரைக் காத்தற்பொருட்டுத் துளைகளை ஒடுக்கிக்கொள்ளும். உள்ளே வாயு அருகிவிடும். செழிப்பான நாளில் நொய்யைப் புடைத்து ஒதுக்கிச் சோறாக்கும் இல்லத்தார், பஞ்சம் வந்தால் நொய்யையும் சேர்த்தே உலையிலிடுவர் அன்றோ? அதுபோலவே இலையும் எடை மிக்க கார்பனைத் தள்ளாது ஏற்றுக்கொள்ளும். ஆகவே வறண்ட ஆண்டிற் பருத்த மரவளையத்தில் எடை மிக்க கார்பன் சிறிது கூடியிருக்கும். செடியின் பஞ்சம் அதன் உடலிலேயே பதிந்துவிடுகின்றது.

நெல், கோதுமை போன்றவற்றின் உடலில் எடை மிக்க கார்பனின் விகிதம் காற்றிலுள்ளதைவிட 1,000-க்கு இருபது பங்கு அளவில் குறைந்திருக்கும். சோளமும் கரும்பும் வேறொரு முறையில் வாயுவைப் பற்றுவதால் அவற்றிற் குறைவு சிறிதே. இந்நுட்பங்களைக் கணக்காக வகுத்து 1982-இல் வெளியிட்டோருள் தலைவர் ஆஸ்திரேலியாவின் கிரஹம் ஃபார்குவர். அவரும் ரிச்சர்ட்ஸ் என்பவரும் 1984-இல் கோதுமையை இம்முறையாற் சோதித்து, குறைந்த நீரைக் கொண்டு மிகுந்த விளைவு தரும் வகைகளைக் கார்பனின் எடையாலேயே இனங்காணலாம் என்று காட்டினர். அதன் பயனாக, நீரைச் சிக்கனமாய்ச் செலவிடும் டிரைஸ்டேல் என்னும் கோதுமை வகை 2002-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய உழவரின் கையை அடைந்தது.

ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் தத்தம் சான்றை உரைக்கின்றன. இலையினின்றும் நீர் ஆவியாகும்போது எடை குறைந்தது முன்னே பறக்கும். எடை மிக்கது பின்தங்கும். வறண்ட காற்றில் இது மிகும். அவ்விலை ஆக்கிய மரநாரிலும் அதன் சுவடு பதியும். வேரோவெனில் பெரும்பாலும் தான் உண்ட நீரின் எடையை மாற்றாமல் அப்படியே மேலே அனுப்புகின்றது. ஆகவே தண்டிலுள்ள நீரைச் சோதித்தால், அம்மரம் எந்நீரைக் குடித்தது என்பது விளங்கும். யூரி கண்ட டியூட்டீரியமே ஈண்டுச் சான்றாளர்.

1991-ஆம் ஆண்டில் டாசன், எலரிங்கர் என்னும் அறிஞர் இருவர் இம்முறையால் ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் வற்றாத ஓடையின் கரையிலே நின்ற மரங்களை அவர்கள் ஆராய்ந்தனர். இளமரங்கள் ஓடைநீரைக் குடித்தன. முதிர்ந்த மரங்களோ, காலடியிலே ஓடும் நீரை ஏறக்குறையத் தொடவேயில்லை. ஆழத்தில் உள்ள நீரையே உண்டு வாழ்ந்தன. நீர்க்காலோரத்து மரத்தைச் செழிப்பிற்கு உவமை கூறுகின்றது திருமறை. ஆற்றங்கரை மரத்தை நிலையாமைக்கு உவமை கூறினர் நம் முன்னோர். ஓடை வற்றினும் வாடாதபடி ஆழத்து நீரை நாடிய இம்மரங்களை எதற்கு உவமையாக்குவது என்பதை இலக்கிய மாணவர் சிந்திப்பாராக.

ஓடையையும் ஆழத்து நீரையும் கண்ணாற் பார்த்து வேறுபடுத்த இயலாது, சுவையாலும் இயலாது. அணுவின் எடை ஒன்றே அவற்றைப் பிரித்துக் காட்டியது. காடுகள் வறட்சியை எங்ஙனம் தாங்குகின்றன, எம்மரம் நீடிக்கும், எம்மரம் மடியும் என்னும் வினாக்கள், உலகின் வெப்பம் ஏறிவரும் இந்நாளில் வெறும் ஆராய்ச்சி வினாக்கள் அல்ல. உணவையும் உயிரையும் பற்றியவை.

இறுதி நாட்கள்

மீண்டும் யூரியிடம் வருவோம். சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்னும் இளைஞர் அவரிடம் மாணவராக இருந்தார். பூமியின் ஆதிகாலக் காற்று எனக் கருதப்பெற்ற வாயுக்களை நீருடன் கண்ணாடிக் கலத்திலிட்டு மின்பொறி பாய்ச்சி, உயிர்ப்பொருளின் மூலக்கூறுகள் சில உண்டாதலை அவர் காட்டினார். 1953-இல் வெளியான அக்கட்டுரையில் யூரி தம் பெயரைச் சேர்க்க இசையவில்லை. தம் பெயர் இருப்பின் மாணவருக்கு உரிய புகழ் தமக்கே வந்துவிடும் என்பது அவர் எண்ணம். அதே ஆண்டில், உளவுக் குற்றத்திற்காக மரண தண்டனை பெற்ற ரோசன்பர்க் தம்பதியரின் உயிரைக் காக்க வேண்டுமென நாட்டாரின் சினத்திற்கஞ்சாது பரிந்துரைத்தார். அவர் முயற்சி பலிக்கவில்லை. ஆயினும் பேசவேண்டிய வேளையில் அவர் வாய்மூடி இருக்கவில்லை.

1958-இல் கலிபோர்னியாவில் லா ஹோயா என்னும் கடற்கரை நகரத்திற்குச் சென்று, அங்கெழுந்த புதிய சர்வகலாசாலையின் வளர்ச்சிக்குத் துணைநின்றார். சந்திரன், கோள்கள் ஆகியவற்றின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1969-ஆம் ஆண்டில் சந்திரனிலிருந்து கற்கள் கொண்டுவரப்பெற்ற காலத்தில் அவர் எழுபத்தாறு வயதுக் கிழவர். எனினும் ஆர்வத்தில் இளைஞர். 1981-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 5-ஆம் நாள், தம் எண்பத்தேழாம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

முடிவுரை

நண்பர்காள், யூரியின் வாழ்க்கையினின்றும் நாம் பெறும் படிப்பினை யாது? கூடாரத்தில் வாழ்ந்து கற்ற உழைப்பும், புகழ் கைக்கெட்டியபோதும் மெய்ப்பிக்கும்வரை பொறுத்த நிதானமும், மாணவரின் உரிமையைப் பறியாத பெருந்தன்மையும் நாம் பின்பற்றத்தக்கனவே. ஆயின் அவற்றினும் மேலான ஒன்று உண்டு. ஐசோடோப்புகளைப் பிரிக்கும் அதே கலை ஒருகால் நகரழிக்கும் குண்டிற்குத் துணையாயிற்று. பிறிதொருகால் வறண்ட நிலத்தில் விளையும் கோதுமைக்கு வழிகாட்டிற்று. அறிவு தானே நன்மையையோ தீமையையோ தெரிந்துகொள்வதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவர் அறிவுடையோரே. யூரி குற்றமே அறியாதவர் என்று நான் கூறவில்லை. தம் கையால் நேர்ந்ததை நேரே நோக்கி, நடுவயது கடந்தபின்னும் தம் அறிவை வேறு நெறியில் திருப்பினார் என்பதே அவர் சிறப்பு.

பட்டம் பெற்று இக்கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் நம்மில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் அறிவைக் கையிற்கொண்டே செல்கின்றோம். அதனை எதற்குப் பயன்படுத்தினோம் என்பதும், மரத்தின் வயிரத்தில் வறட்சி பதிவதுபோல, நம் வாழ்விற் பதிந்தே தீரும். அவ்வெழுத்தைப் பின்னாளிற் படிப்போர் நம்மைக் குறித்து நாணாதிருக்க நாம் வாழ்வோமாக.